புது ஜெர்சியில் ஸ்பான்சர் லோகோ: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐரோப்பாவில் கோடை வந்துவிட்டால் கால்பந்து கிளப்புகள் ஒவ்வொன்றாகப் புது ஜெர்சியை வெளியிடும். படம் வந்த கையோடு வாக்குவாதமும் வந்துவிடும். காலர் எப்படி, கோடு எப்படி என்று ஆரம்பிக்கும் பேச்சு சீக்கிரமே நெஞ்சுக்கு நடுவில் இருக்கும் அந்த நிறுவனப் பெயரில் வந்து நிற்கும். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வும் தெரியும், அதை மறைக்க நினைக்கவில்லை.

லோகோவைப் பார்த்ததும் ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோபம். உள்ளே மூன்று வெவ்வேறு புகார்கள் இருக்கின்றன. 'பார்க்கவே சகிக்கவில்லை' என்பது ஒன்று. 'இது பரம எதிரியின் நிறம்' என்பது இன்னொன்று. 'இவர்களுடைய பணத்தை நாம் வாங்கலாமா?' என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே சத்தமாக எழுவதால் நிர்வாகத்துக்கு வசதி. 'ரசிகர்களுக்கு எந்த மாற்றமும் பிடிக்காது, விடுங்கள்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் முதல் புகாருக்கு ஆயுள் குறைவு. அணி நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் கண் பழகிவிடும். மூன்றாவது அப்படிக் கரையாது. கோப்பையே வந்தாலும் அது உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கும். கீழே வரும் கதைகளில் எது எந்த வகை என்று பார்த்துக்கொண்டே வந்தால், எந்த எதிர்ப்பு நின்றது, எது காற்றோடு போனது என்பது விளங்கும்.

சில லோகோக்கள் மட்டும் ஏன் அவ்வளவு அசிங்கமாகத் தெரிகின்றன?

பெரும்பாலும் அந்தப் பெட்டிதான் காரணம். ஜெர்சியை வடிவமைப்பவர்கள் ஒரு நிறுவனம், லோகோவைக் கொண்டுவருபவர்கள் வேறு நிறுவனம். துணியின் வடிவம் சீசனுக்கு வெகு முன்பே முடிவாகிவிடும். ஸ்பான்சர் ஒப்பந்தமோ கடைசி நேரம் வரை இழுபடலாம். கோடு போட்ட ஜெர்சியில் எழுத்து தெளிவாகத் தெரியாது என்பதால் அடியில் ஒரு வெள்ளைப் பெட்டியையோ கறுப்புப் பெட்டியையோ வைத்து அதன்மேல் பெயரைப் போடுவார்கள். விலைச்சீட்டைப் பிய்க்க மறந்துவிட்ட சட்டை மாதிரி இருக்கும்.

அடுத்தது நிறம். லோகோவை இந்த நிறத்தில்தான் காட்ட வேண்டும், சுற்றிலும் இவ்வளவு இடம் விட வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் விதி எழுதி வைத்திருக்கும். அதை ஜெர்சிக்காகத் தளர்த்தி, ஒரே நிறத்தில் அச்சிடச் சம்மதிக்கிற நிறுவனம் ரசிகர்களிடம் பாதி நல்ல பெயரை அங்கேயே வாங்கிவிடும். 2014இல் மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சிக்கு வந்த செவர்லே கார் நிறுவனத்தின் தங்க நிறச் சின்னம் இதற்கு நேர்மாறு. ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 56 கோடி டாலர் ஒப்பந்தம் என்பதால் சிவப்புக்கு நடுவே அந்தத் தங்கம் பளபளத்தே தீர வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், புது லோகோ களத்துக்கு வருவதற்கு முன்பே, 2013 கடைசியில், ஐரோப்பாவில் செவர்லே கார் விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்தப்போவதாக அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்துவிட்டது. யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டு பக்கத்தில் வாங்க முடியாத காருக்குத்தான் அத்தனை விளம்பரம். உலகம் முழுவதும் இருக்கும் தொலைக்காட்சிப் பார்வையாளர்களே குறி என்பதால் அவர்கள் கணக்கில் அது பரவாயில்லை போலும்.

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியுடைய ஜெர்சியின் அடையாளம் நடுவில் ஓடும் அகலமான சிவப்புப் பட்டை. 1990களில் ஏபிஎன் ஆம்ரோ வங்கியின் பெயரைப் படுக்கைவாட்டில் போட்டு அந்தப் பட்டையை வெட்டாமல், மேலிருந்து கீழாக எழுதினார்கள். இன்று வரை அந்த ஜெர்சியைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

லோகோ எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று விதி இருக்கிறதா?

இருக்கிறது. இங்கிலாந்தில் முன்பக்க லோகோவுக்கு 250 சதுர சென்டிமீட்டர் என்று கால்பந்துச் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. மற்ற நாடுகளில் அளவும் எண்ணிக்கையும் மாறும். பிரேசில், மெக்சிகோ, பிரான்ஸ் லீகுகளில் நெஞ்சு, தோள், முதுகு, கால்சட்டை என்று பல இடங்களில் பெயர்கள் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2017-18 சீசனிலிருந்துதான் கைப்பகுதியிலும் ஒரு ஸ்பான்சரை அனுமதித்தது.

எதிரி அணியின் நிறத்தில் லோகோ வந்தால் என்ன செய்வார்கள்?

சண்டை போடுவார்கள், சில சமயம் ஜெயித்தும் விடுவார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் கிரேமியோவும் இன்டர்நேஷனலும் ஜென்மப் பகையாளிகள். இன்டர்நேஷனலின் நிறம் சிவப்பு. 1980களின் இறுதியில் கோகா கோலா கிரேமியோவுக்கு ஸ்பான்சராக வந்தபோது, உலகமே அறிந்த அந்தச் சிவப்பை ஜெர்சியில் காட்ட முடியவில்லை. கறுப்பு வெள்ளையில்தான் போட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே வளைந்துகொடுத்தது என்பதால், 'நிறத்தை மாற்றவே முடியாது' என்று எந்த கிளப் நிர்வாகி சொன்னாலும் நான் நம்புவதில்லை.

டாட்டன்ஹாம் ரசிகர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அவர்களுடைய வெள்ளை ஜெர்சியில் ஏஐஏ காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்து 2014 முதல் சிவப்பாக ஏறியது. பக்கத்துப் பகையாளி ஆர்சனலின் நிறம் அது. சீசனுக்குச் சீசன் புலம்பல் தொடர்ந்தது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சிக்கல் நிறத்தோடு முடிவதில்லை. செல்டிக் அணிக்கு மட்டும் பணம் கொடுத்தால் நகரின் பாதிப் பேர் அந்தப் பொருளைத் தொடமாட்டார்கள், ரேஞ்சர்ஸுக்கு மட்டும் கொடுத்தால் மறுபாதி. அதனால் 1980களில் சி.ஆர். ஸ்மித் என்ற ஜன்னல் நிறுவனம் இரண்டு அணிக்கும் ஒரே நேரத்தில் ஸ்பான்சரானது. பிறகு என்டிஎல், கார்லிங், டெனன்ட்ஸ் என்று வந்தவர்களும் இதே வழியைப் பிடித்தார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டம் நெஞ்சில் ஒரே பீர் பெயரைச் சுமந்துகொண்டு மோதிக்கொண்டது.

ஜெர்சியில் விளம்பரம் எப்போது தொடங்கியது?

பெரிய லீகுகளில் பலரும் சொல்லும் தொடக்கம் ஜெர்மனியின் ஐன்ட்ராக்ட் பிரவுன்ஷ்வைக். 1973இல் யேகர்மைஸ்டர் மதுபானத்தின் முதலாளி கூன்டர் மாஸ்ட், அதன் மான் தலைச் சின்னத்தை ஜெர்சியில் போட விரும்பினார். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விதி ஜெர்சியில் விளம்பரத்துக்கு இடம் தரவில்லை, கிளப் சின்னத்துக்குத் தடையில்லை. சரி, அப்படியானால் கிளப் சின்னத்தையே மாற்றிவிடுவோம் என்று உறுப்பினர்களைக் கூட்டி வாக்கெடுத்தார்கள். சிங்கம் போய் மான் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அந்தச் சின்னத்தோடு களமிறங்கினார்கள். சில மாதங்களில் சங்கமும் விளம்பரத்தை அனுமதித்துவிட்டது.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவை. 1976 ஜனவரியில் கெட்டரிங் டவுன் என்ற சிறிய கிளப், 'கெட்டரிங் டயர்ஸ்' என்று எழுதிய ஜெர்சியோடு ஆடியது. எழுத்தை எடுக்கச் சொல்லி சங்கம் உத்தரவு போட்டது. கிளப்பை நடத்திய டெரெக் டூகன் கடைசிச் சொல்லில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தார். 'அந்த ஒற்றை டி-யும் டவுன் என்பதன் முதல் எழுத்துதானே' என்பது அவர் வாதம். 1,000 பவுண்ட் அபராதம் என்று மிரட்டிய பிறகுதான் எடுத்தார்கள். மறு ஆண்டே சங்கம் ஜெர்சி விளம்பரத்தை அனுமதித்தது. 1979இல் லிவர்பூல் ஹிட்டாச்சியோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால் தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களில் லோகோ கூடாது என்று ஒளிபரப்பாளர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். கவன்ட்ரி சிட்டி அதற்கும் ஒரு வழி பார்த்தது. டால்பட் கார் நிறுவனத்தின் டி எழுத்து வடிவத்தில் முழு ஜெர்சியையுமே வெட்டித் தைத்தது! 1983க்குப் பிறகுதான் தொலைக்காட்சியிலும் லோகோ தெரிய வழி பிறந்தது.

இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. லோகோ இல்லாத 'பழைய நல்ல காலம்' என்று பேசும் பலர் பிறந்ததே லோகோ வந்த பிறகுதான்.

பார்சிலோனா மட்டும் வெகு நாள் லோகோ இல்லாமல் இருந்ததாமே?

ஆமாம். 1899இல் தொடங்கிய கிளப், 2006 வரை நெஞ்சில் எந்த நிறுவனப் பெயரையும் ஏற்றவில்லை. அது அவர்களுக்குப் பெருமைக்குரிய விஷயம். 2006இல் யுனிசெஃப் பெயர் வந்தபோது யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் அங்கே பணம் போன திசை வேறு. ஆண்டுக்கு 15 லட்சம் யூரோவை கிளப்தான் யுனிசெஃபுக்குக் கொடுத்தது.

எனக்கு அதில் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. நெஞ்சு காலியாக இருக்கும் வரை 'அங்கே எதுவும் வராது' என்று சொல்ல முடியும். நல்ல பெயர் ஒன்று வந்து கண்ணைப் பழக்கிவிட்டால், அடுத்த பெயரை ஏற்றுவது சுலபம். நடந்ததும் அதுதான். 2010 டிசம்பரில் கத்தார் ஃபவுண்டேஷன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது, ஆண்டுக்குச் சுமார் 3 கோடி யூரோ. யுனிசெஃப் முதுகின் கீழ்ப்பகுதிக்கு நகர்ந்தது. கிளப்பின் பழைய நட்சத்திர வீரரும் பயிற்சியாளருமான யோஹன் கிரைஃப் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆனாலும் உறுப்பினர் பேரவை 2011இல் ஒப்புதல் கொடுத்துவிட்டது. கடன் சுமையில் இருந்த கிளப், உலகின் மிகச் சிறந்த அணியை வைத்துக்கொண்டு ஆடிய நேரம், யார் மறுப்பார்கள்? 2013இல் அந்த இடத்துக்கு கத்தார் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனமே வந்துவிட்டது. முதலில் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பு, பிறகு நாட்டின் பெயர் தாங்கிய அறக்கட்டளை, பிறகு நேரடி வியாபாரம். 2017இல் ரகுடென் என்ற ஜப்பானிய இணைய வணிக நிறுவனம், 2022இல் இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை.

ஸ்பாட்டிஃபை கொஞ்சம் புத்திசாலித்தனமாக விளையாடியது. ரியல் மாட்ரிட்டுடன் மோதும் எல் கிளாசிகோ ஆட்டங்கள் சிலவற்றில் தன் பெயரை எடுத்துவிட்டு இசைக்கலைஞர்களின் சின்னத்தைப் போட்டது. 2022 அக்டோபரில் ராப் பாடகர் டிரேக்கின் ஆந்தைச் சின்னம், அடுத்து ரொசாலியா, ரோலிங் ஸ்டோன்ஸ் என்று போனது. ஆந்தையோடு போன ஆட்டத்தில் 3-1 என்று தோற்றார்கள், உடனே ஆந்தைமேல் பழி. அந்த ஜெர்சிகளைக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு அதிக விலைக்கு விற்றார்கள். முன்பு விளம்பரமே கூடாது என்று பெருமை பேசிய ஜெர்சியில் இப்போது விளம்பரம்தான் சேகரிப்புப் பொருள்.

சூதாட்ட நிறுவனங்களின் லோகோவுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பந்தயம் கட்டிப் பணத்தையும் குடும்பத்தையும் இழந்தவர்கள் அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால். விமான நிறுவன லோகோவைப் பார்த்ததும் யாரும் டிக்கெட் வாங்கி ஓடுவதில்லை. பந்தய நிறுவனத்தின் பெயர் அப்படியல்ல. ஆட்டம் நடக்கும்போதே, கையில் கைபேசி இருக்கும்போதே, தொண்ணூறு நிமிடமும் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மீள முயலும் ஒருவர் தன் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதே சோதனையாகிவிடும்.

பிரீமியர் லீக் கிளப்புகள் 2023 ஏப்ரலில் ஒரு முடிவெடுத்தன. 2025-26 சீசன் முடிவோடு ஜெர்சியின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனங்களுக்கு இடமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கைப்பகுதிக்கும் மைதானத்து ஓரப் பலகைகளுக்கும் அந்த முடிவு பொருந்தாது. வாசல் கதவை மட்டும் மூடியிருக்கிறார்கள்.

மற்ற நாடுகள் முந்திக்கொண்டன. இத்தாலி 2018இல் சட்டம் போட்டு 2019 முதல் சூதாட்ட ஸ்பான்சர்களைத் தடுத்தது. ஸ்பெயினில் 2021-22 சீசனுக்குள் ஜெர்சிகள் சுத்தமாயின. அப்புறம் இத்தாலியில் சந்து கண்டுபிடித்தார்கள். இன்டர் மிலான் ஜெர்சியில் 2024இல் பெட்சன் நிறுவனத்தின் பெயர் வந்தது, 'ஸ்போர்ட்' என்ற வாலோடு. விளையாட்டுச் செய்தித்தளமாம், பந்தயத் தளம் இல்லையாம்.

குழந்தைகள் ஜெர்சியிலும் இந்த லோகோ இருக்குமா?

பிரிட்டனில் இருக்காது. மது, சூதாட்ட நிறுவனங்களின் பெயர் சிறுவர் அளவு ஜெர்சிகளில் வருவதில்லை. அதனால் நெஞ்சு காலியான, அழகான ஜெர்சி பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. 'எனக்கும் அதே வேண்டும், பெரிய அளவில் தாருங்கள்' என்று பெரியவர்கள் கேட்பது அங்கே வாடிக்கை. பிள்ளை போடக் கூடாத பெயரைப் பிள்ளை வழிபடும் வீரர் மட்டும் போடலாம் என்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

வீரர் ஒருவர் 'இந்த லோகோவைப் போட மாட்டேன்' என்று சொல்ல முடியுமா?

சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2006இல் செவியா அணியின் பிரெடெரிக் கனூட்டே, இஸ்லாம் சூதாட்டத்தை ஏற்பதில்லை என்பதால் 888 பந்தய நிறுவனத்தின் பெயரை மறைத்துக்கொண்டு ஆடினார். 2013 கோடையில் நியூகாசில் வீரர் பாப்பிஸ் சிசே, வோங்கா என்ற உடனடிக் கடன் நிறுவனத்தின் பெயரைப் போட முடியாது என்று நின்றார். வட்டி அவர் நம்பிக்கைக்கு எதிரானது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு அந்தக் கோடையிலேயே போட்டுக்கொண்டார்.

வோங்கா விவகாரம் நியூகாசிலில் வெறும் மத விஷயமாக இருக்கவில்லை. வருடக் கணக்கில் பார்த்தால் ஆயிரக்கணக்கான சதவீதம் வட்டி வரும் கடன்களைக் கொடுத்த நிறுவனம் அது. வருமானம் குறைந்தவர்கள் நிறைய இருக்கும் ஊர் அணியின் நெஞ்சில் அந்தப் பெயர். ஆனால் அதே வோங்காதான், முந்தைய நிர்வாக முடிவால் பெயர் மாற்றப்பட்டிருந்த மைதானத்துக்கு செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பெயர் உரிமையை வாங்கி, ரசிகர்களுக்கே விட்டுவிட்டது. ஒரு கையால் வாங்கிய சாபத்தை மறு கையால் கழுவப் பார்த்த கதை. ஓரளவு கழுவவும் செய்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அரசாங்கங்களின் பணம் வந்தால்?

அங்கேதான் கோபம் நீண்ட நாள் நிற்கிறது. பேயர்ன் மியூனிக் ஜெர்சியின் கைப்பகுதியில் இருந்த, கத்தார் அரசுக்குச் சொந்தமான கத்தார் ஏர்வேஸ் பெயருக்கு எதிராக 2021 நவம்பரில் உறுப்பினர்களின் ஆண்டுக்கூட்டமே கூச்சலில் முடிந்தது. உறுப்பினர்களின் தீர்மானத்தை விவாதத்துக்கு எடுக்க நிர்வாகம் மறுத்ததுதான் நெருப்பில் எண்ணெய். 2023இல் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்தது.

ஷால்க்கே கதையில் அவகாசமே இல்லை. 2007 முதல் ரஷ்யாவின் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் பெயரைச் சுமந்த அந்த ஜெர்மன் அணி, 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் அன்றைக்கே லோகோவை எடுப்பதாக அறிவித்தது. அடுத்த ஆட்டத்தில் நெஞ்சில் 'ஷால்க்கே 04' என்று சொந்தப் பெயரே இருந்தது.

ஆர்சனலின் கைப்பகுதியில் 2018 முதல் 'விசிட் ருவாண்டா' என்ற அந்த நாட்டின் சுற்றுலா விளம்பரம் இருந்தது. பக்கத்து நாடான காங்கோவில் நடக்கும் போரில் ருவாண்டாவின் பங்கைக் காட்டி, ஒரு ரசிகர் குழு 2025இல் ஆட்ட நாளில் கைப்பட்டைகளை விநியோகித்தது. அதில் எழுதியிருந்தது: 'விசிட் டாட்டன்ஹாம்'. ஆர்சனல் ரசிகர் வாயிலிருந்து இதைவிடக் கடுமையான வசை வர வாய்ப்பில்லை. அதே ஆண்டு நவம்பரில், சீசனோடு ஒப்பந்தம் முடிவதாக இரு தரப்பும் அறிவித்தன.

ரசிகர்கள் கத்தினால் கிளப் உண்மையில் பின்வாங்குமா?

பின்வாங்கிய சம்பவங்கள் உண்டு, ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் அல்ல. 2021 ஜூனில் நார்விச் சிட்டி பிகே8 என்ற பந்தய நிறுவனத்தை அறிவித்தது. அதன் சமூக ஊடக விளம்பரங்களில் பெண்களைக் காட்டிய விதத்தை ரசிகர்கள் தோண்டி எடுத்துப் போட்டார்கள். மூன்றே நாளில் ஒப்பந்தம் ரத்து. அந்த ஊர்ப் பக்கத்து லோட்டஸ் கார் நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது.

2022இல் எவர்ட்டன் ஸ்டேக் என்ற சூதாட்ட நிறுவனத்தோடு கையெழுத்திட்டபோது 20,000 பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் பெயர் சேர்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. வித்தியாசம் என்ன? நார்விச் ரசிகர்கள் கையில் திட்டவட்டமான ஓர் ஆதாரம் இருந்தது. கிளப் சங்கடப்பட்டு, 'சரியாக விசாரிக்கவில்லை' என்று சொல்லி வெளியேற ஒரு வழியும் இருந்தது. எவர்ட்டனுக்கு அப்படி வழியும் இல்லை, பணத்தேவையும் அதிகம். கையெழுத்தாகிவிட்ட பிறகு மனு போடுவது பெரும்பாலும் மனதை ஆற்றிக்கொள்ளத்தான் உதவும்.

2023இல் செல்சி ரசிகர்கள் முந்திக்கொண்டார்கள். ஸ்டேக்கோடு பேச்சு நடப்பதாகச் செய்தி கசிந்ததும் அவர்களுடைய ரசிகர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, பெரும்பான்மையோர் எதிர்ப்பதை வெளியிட்டது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. செய்தி கசியும் நேரம்தான் உங்கள் நேரம் என்பேன்.

ஸ்பான்சரே இல்லாமல் ஒரு கிளப் ஆட முடியாதா?

ஆட முடியும், ஆனால் பெரும்பாலும் விருப்பப்பட்டு ஆடுவதில்லை. அதே 2023இல் செல்சி, பேரமவுன்ட் பிளஸ் என்ற இணைய ஒளிபரப்புச் சேவையின் பக்கம் திரும்பியது. பிரீமியர் லீக் ஒளிபரப்பு உரிமைக்குப் பணம் கொட்டும் தொலைக்காட்சிகளுக்குப் போட்டி நிறுவனம் என்பதால் அது தடைபட்டது. சில வாரம் முன்புதான் இன்டர் மிலான் அதே பேரமவுன்ட் பிளஸ் பெயரோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஆடியிருந்தது. செல்சி வெற்று நீல ஜெர்சியோடு சீசனைத் தொடங்கியது, பல ரசிகர்கள் 'இப்படியே விட்டுவிடுங்கள்' என்றார்கள். அடுத்த சீசனிலும் பெரும்பகுதி வெற்று நெஞ்சுதான். ரசிகருக்கு அழகு, கணக்காளருக்கு ஓட்டை.

இன்டர் ஜெர்சியில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், முதலில் ஒப்பந்தம் போட்ட டிஜிட்டல்பிட்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் பணம் கட்டவில்லை. லோகோவை எடுத்துவிட்டார்கள். 2008இல் எக்ஸ்எல் சுற்றுலா நிறுவனம் ஒரே நாளில் கவிழ்ந்தபோது வெஸ்ட் ஹாம் அந்தப் பெயர்மேல் துணி ஒட்டி, அதில் வீரரின் எண்ணை எழுதிக்கொண்டு ஆடியது. அந்த ஒட்டு ஜெர்சியை இன்று தேடி வாங்குகிறார்கள்.

ரசிகர்களுக்குப் பிடித்த ஸ்பான்சர் என்று யாராவது உண்டா?

உண்டு. 2008 முதல் இரண்டு சீசன் ஆஸ்டன் வில்லா, ஏகார்ன்ஸ் என்ற, குணமாகாத நோயுள்ள சிறுவர்களுக்கான காப்பகத்தின் பெயரைக் காசு வாங்காமல் போட்டது. 2021இல் பாடகர் எட் ஷீரன் தன் சொந்த அணியான இப்ஸ்விச் டவுனுக்கு ஸ்பான்சரானார். ஊர்ப்பிள்ளையே பணம் கொடுத்தால் யார் குறை சொல்வார்கள்?

2019இல் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் செய்தது குறும்பு வகை. தோளிலிருந்து இடுப்பு வரை பாடி பவர் பந்தய நிறுவனத்தின் பெயர் ஓடும் ஜெர்சியை வெளியிட்டு, ஒரு நட்பு ஆட்டத்தில் போட்டும் ஆடினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள், உலகமே சிரித்தது. இரண்டு நாளில் 'ஏமாற்றினோம்' என்று சொல்லி, லோகோவே இல்லாத உண்மையான ஜெர்சியைக் காட்டினார்கள். 'ஜெர்சியைக் காப்பாற்றுவோம்' என்ற பிரச்சாரமாம். கால்பந்துச் சங்கம் 50,000 பவுண்ட் அபராதம் போட்டது. பாராட்டத் தயங்குகிறேன். லோகோ இல்லாமலேயே அந்தக் கோடையில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் அந்தப் பந்தய நிறுவனத்தின் பெயர்தான்.

பழைய லோகோக்கள் மட்டும் ஏன் இப்போது அழகாகத் தெரிகின்றன?

அவற்றோடு சேர்ந்து நடந்தவை நினைவில் இருப்பதால். 1987இல் மரடோனாவின் நாப்போலி லீகை ஜெயித்தபோது நெஞ்சில் இருந்தது பாஸ்தா விற்கும் பியூட்டோனி. மான்செஸ்டர் யுனைடெட் 1999இல் மூன்று கோப்பை வென்றபோது ஷார்ப். லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் வென்ற 2005 இஸ்தான்புல் இரவில் கார்ல்ஸ்பெர்க். ஃபியோரென்டினாவின் ஊதா ஜெர்சியில் நின்டென்டோ, அதற்குள் அர்ஜென்டினா வீரர் பட்டிஸ்டூடா. பழைய ஜெர்சிகளை மறுபதிப்புச் செய்யும் நிறுவனங்கள் உரிமச் சிக்கலால் லோகோவை விட்டுவிட்டு அச்சிட்டால், 'லோகோ இல்லாமல் என்ன ஜெர்சி இது!' என்று திட்டு விழுகிறது.

ஸ்பான்சர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம்?

2005இல் ஆஸ்திரியா சால்ஸ்புர்க் அணியை ரெட் புல் வாங்கியது. லோகோவோடு நிற்கவில்லை. பெயர், சின்னம், ஊதா வெள்ளை நிறம் எல்லாம் போயின. சமரசமாக, கோல்கீப்பரின் காலுறையில் ஊதாவை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம். ரசிகர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, பழைய பெயரில் புது கிளப் தொடங்கி ஆஸ்திரியாவின் ஏழாவது அடுக்கிலிருந்து ஆடினார்கள்.

இந்தியாவில் மோகன் பகான் 2020இல் ஏடிகே என்ற கிளப்போடு இணைந்தபோது பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. 1889இல் தொடங்கிய கிளப்பின் ரசிகர்கள் அதை எடுக்கச் சொல்லி மூன்று சீசன் விடாமல் போராடினார்கள். 2023இல் எடுத்தார்கள், 'சூப்பர் ஜயன்ட்' என்ற வேறு ஒட்டு பின்னால் வந்தது. பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

தேசிய அணிகளின் ஜெர்சியில் லோகோ ஏன் இல்லை?

உலகக் கோப்பை ஆட்டங்களில் ஜெர்சியில் ஸ்பான்சர் பெயர் கூடாது, தயாரிப்பாளரின் குறி மட்டும் விதிவிலக்கு என்பது ஃபிஃபாவின் விதி. பயிற்சி உடைகளில் ஸ்பான்சர் பெயர்களைப் பார்க்கலாம்.

லோகோ இல்லாத ஜெர்சியை வாங்க வழி இருக்கிறதா?

சில கிளப்புகள் அப்படியே விற்கின்றன, முக்கியமாக ஸ்பான்சர் முடிவாகாத கோடையில். ஆனால் பிறகு லோகோ வந்து, அதுவும் அழகாக அமைந்துவிட்டால், 'என்னுடையது முழுமையில்லையே' என்று தோன்றும். லோகோ வந்த பிறகு ஒட்டித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் ஒட்டிய லோகோவை வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்து எடுக்க முயற்சி செய்யாதீர்கள். பசைத் தடமும் நிறம் மாறிய பட்டையும் மிஞ்சும், அந்த ஸ்பான்சரையே தேவலை என்று சொல்ல வைத்துவிடும்.